காகிதம் சிக்கினால் யந்திரத்தைப் பழிக்கலாமா?

2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள் மாலை, நம் சங்க அலுவலகத்தில் ஆண்டுப் பொதுக்கூட்ட அழைப்பிதழ்களை அச்சிட்டுக்கொண்டிருந்தோம். பத்துத் தாள்கள் ஒழுங்காக வந்தன. பதினோராவது தாள் லேசர் பிரிண்டரின் உள்ளேயே நின்றுவிட்டது. அதை எடுத்துவிட்டு மீண்டும் தொடங்கினால், இரு தாள்கள் ஒருங்கே புகுந்து அடைத்துக்கொண்டன. வெளியே மும்பை மழை கொட்டிக்கொண்டிருந்தது. "இதன் ஆயுள் முடிந்துவிட்டது; புதிதாக ஒன்று வாங்கிவிடுவோம்" என்றார் செயற்குழு அன்பர் ஒருவர். வாங்குவதென்றால், ஏழை மாணவர்களின் பாடநூலுக்கென ஒதுக்கிய தொகையில்தான் கைவைக்க வேண்டும். ஆகவே, முதலில் நோயை ஆராய்வோம் என்று முடிவு செய்தோம்.

ஆராய்ந்ததில், முதற் குற்றவாளி யந்திரமன்று, காகிதமே என்பது புலனாயிற்று. பிரித்த கட்டைச் சன்னலோரத்தில் தரைமீது வைத்திருந்தோம். காகிதம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மழைக்காலத்தில் டப்பாவிலுள்ள அப்பளங்கள் ஒட்டிக்கொள்வதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவ்வாறே ஒட்டிய தாள்கள் இரண்டிரண்டாகப் புகுகின்றன. மேலும், டோனர்ப் பொடியை உருக்கித் தாளில் பதிக்கும் பகுதி ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இயங்குவது. ஈரத்தாள் அதனூடே செல்லும்போது சுருண்டு, வெளிவரும் வாயிலில் மடங்கிவிடுகிறது.

புதிய கட்டைப் பிரித்து, தாள்களை விசிறிபோல் விரித்துத் தட்டி அடுக்கினோம். தட்டின் இருபுறத்துத் தடுப்புகளையும் தாளை இறுக்காமல், அதே சமயம் ஆட்டம் இல்லாமலும் பொருத்தினோம். சிக்கல் பெரிதும் தீர்ந்தது. ஆயினும் சில வேளைகளில் தட்டிலிருந்து தாள் எழவேயில்லை. தாளை இழுக்கும் ரப்பர் உருளையில் காகிதத் தூசு படிந்து வழுவழுப்பாகியிருந்தது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நூல் உதிராத துணியைச் சிறிது நீரில் நனைத்துத் துடைத்து உலரவிட்டோம். இருபது நிமிட வேலை!

சிக்கிய தாளை எடுப்பதிலும் ஒரு முறை உண்டு. யந்திரத்தை நிறுத்தி ஆறவிட வேண்டும். இன்றேல் கை சுடும். பின்னர் இரு கைகளாலும் தாள் செல்லும் திசையிலேயே மெதுவாக இழுக்க வேண்டும். கிழிந்த துணுக்கு ஒன்று உள்ளே தங்கினாலும், அடுத்தடுத்த தாள்கள் அதே இடத்தில் சிக்கும். எங்களுள் ஒருவர் பேனாக்கத்தியால் கிளறப் போனார். நல்ல வேளையாகத் தடுத்தோம். உள்ளிருக்கும் டிரம் உருளையில் சிறு கீறல் விழுந்தாலும், அச்சாகும் தாள்களிலெல்லாம் அதன் வடு தெரியும். அதை நெடுநேரம் வெளிச்சத்தில் வைப்பதும் தகாது.

உருளையைத் துடைத்த பின்னும் இரு தாள்கள் சேர்ந்தே வருமாயின், தாள்களைப் பிரித்துவிடும் சிறு ரப்பர்த் திண்டு தேய்ந்திருக்கக்கூடும். பல யந்திரங்களில் அதை மட்டும் தனியே மாற்றலாம்.

அன்றிரவே அழைப்பிதழ்கள் முடிந்தன. பாடநூல் தொகையும் குறையவில்லை. பிரித்த காகிதக் கட்டு இப்போது மூடியிட்ட பெட்டியில், அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.