ஆற்றோடு ஒரு சைக்கிள் பயணம்



விருதுநகர் மாவட்டம் என்றவுடன் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது எது? வெயில், கரிசல் மண், சீமைக் கருவேலம், சிவகாசியின் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சகங்களும். வெளியூர் உறவினர் வந்தால், 'உங்கள் ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?' என்று கேட்பார்கள். நாமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். நாற்பது வயதைக் கடக்கும்வரை நானும் அப்படித்தான் இருந்தேன். நம் மாவட்டத்திலும் ஆறுகள் உண்டு, அவற்றின் கரைகளில் அமைதியான சாலைகள் உண்டு என்பதை எனக்குக் காட்டியது என் மகளின் சைக்கிள்.

அந்தச் சைக்கிளின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். தமிழக அரசு 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய இலவச மிதிவண்டித் திட்டம், 2005-06 கல்வியாண்டு முதல் மேல்நிலை வகுப்பில் சேரும் மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. என் மகளும் பதினொன்றாம் வகுப்பில் ஒரு சைக்கிளைப் பெற்று, முகமெல்லாம் மலர்ச்சியுடன் உருட்டிக்கொண்டு வந்தாள். நான் அதை வாங்கித் திண்ணையோரம் நிறுத்திப் பூட்டி, சாவியை என் அலமாரியில் வைத்துவிட்டேன். 'வயதுக்கு வந்த பெண் தெருவில் சைக்கிள் ஓட்டுவதா? நாலு பேர் என்ன சொல்வார்கள்?' என்பதே என் வாதம். மார்க்கத்தில் அதற்குத் தடை உண்டா என்று என் மனைவி கேட்டபோது, மதரஸாவில் இத்தனை ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்தவனாகிய என்னால் பதில் சொல்ல இயலவில்லை. பதில் இல்லாதபோது ஆண்கள் என்ன செய்வார்களோ அதையே நானும் செய்தேன், குரலை உயர்த்தினேன். இரண்டு ஆண்டுகள் அவள் பேருந்துக்குக் காத்து நின்றே படித்து முடித்தாள்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிதும் ஊக்கமளித்தார். அவ்வாறு கற்றவர்களில் நம் சமுதாயப் பெண்களும் இருந்தனர். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு சென்ற அந்தப் பெண்களைப் பற்றி நான் கல்லூரியில் படித்த நாட்களிலேயே வாசித்து வியந்திருக்கிறேன். பிறர் வீட்டுப் பெண்ணை வியப்பது எளிது!

மகள் கல்லூரிக்குச் சென்ற பிறகு எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. உட்கார்ந்தே பாடம் நடத்தும் தொழில். உடலை அசைக்கச் சொன்னார் மருத்துவர். நடந்தால் முழங்கால் வலித்தது. ஒருநாள் சுப்ஹுத் தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது, திண்ணையோரம் தூசி படிந்து நின்ற சைக்கிள் கண்ணில் பட்டது. இரண்டு டயரிலும் காற்று இல்லை, செயின் துருப்பிடித்திருந்தது. கடையில் கொடுத்து ட்யூப் மாற்றி, எண்ணெய் விட்டு, மறுநாள் விடியலில் ஏறி அமர்ந்தேன். சிறுவயதில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக் குரங்கு பெடல் போட்டுப் பழகியது உடலுக்கு மறக்கவில்லை. 'என்ன ஹஜ்ரத், லேடீஸ் சைக்கிளா?' என்று தேநீர்க் கடையிலிருந்து ஒரு குரல். அவருக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் பெடலை அழுத்தினேன்.

முதலில் சென்றது ஆனைக்குட்டம். சிவகாசிச் சாலையில் ஆமத்தூரைத் தாண்டும்வரை லாரிகளும் பேருந்துகளும் நம்மை மண்ணில் இறக்கிவிடும். கிராமச் சாலையில் திரும்பிவிட்டால் வேறு உலகம். இருபுறமும் கரிசல் காடு. புரட்டாசிக்குப் பின் சென்றால் மக்காச்சோளமும் பருத்தியும் உளுந்தும் பச்சை பிடித்திருக்கும். அங்கே அர்ச்சுனா நதியின் குறுக்கே நீர்த்தேக்கம் இருக்கிறது. விருதுநகர் வீடுகளின் குடங்களில் நிறையும் தண்ணீரில் ஒரு பகுதி இங்கிருந்துதான் வருகிறது. நாற்பது ஆண்டுகளாக இந்நீரால் ஒளுச் செய்தும், குடித்தும் வந்தவன், அது பிறக்கும் இடத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். மறுநாள் வகுப்பில் மாணவர்களிடம், 'நம் ஊர்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?' என்று கேட்டேன். 'குழாயிலிருந்து' என்றான் ஒருவன். அவனை எப்படிக் கடிந்துகொள்வது?

அந்த நதியைப் பின்தொடர வேண்டும் என்ற ஆவல் அப்போது பிறந்ததுதான். அர்ச்சுனா நதி மேற்கே வத்திராயிருப்பு மலைப்பக்கத்தில் தோன்றி, ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி நீர்த்தேக்கங்களைக் கடந்து, சாத்தூருக்குக் கிழக்கே இருக்கன்குடியில் வைப்பாற்றுடன் கலக்கிறது. வைப்பாறு தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதி இவை மணலாறுகளே. வடகிழக்குப் பருவமழைதான் இவற்றின் உயிர். ஆகவே கார்த்திகை முதல் மாசி வரை இப்பயணங்களுக்கு உகந்த காலம். சித்திரை, வைகாசியில் புறப்பட்டால் காலை எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். நம் ஊர் வெயிலோடு யாரும் வழக்காட முடியாது.

எல்லாவற்றிலும் அழகான பாதை வத்திராயிருப்புப் பாதையே. கிருஷ்ணன்கோவிலில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பசுமை கூடிக்கொண்டே போகும். நெல் வயல், தென்னந்தோப்பு, மடைகளில் ஓடும் நீர், கண்மாய்க் கரையில் வரிசையாகப் பனைகள். எதிரே சுவரெடுத்தாற்போல் மேற்குத் தொடர்ச்சி மலை. மழை நல்லபடியாகப் பெய்த ஆண்டில் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக மறுகால் பாயும் ஓசையைச் சைக்கிளில் வருபவன் தொலைவிலேயே கேட்பான். பேருந்தில் வருபவனுக்கு அது கிடைக்காது. கூமாபட்டிக்கு அப்பால் பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். முன்னது 47 அடி, பின்னது 42 அடி. சுற்று வட்டாரக் கண்மாய்கள் இவற்றின் நீரால் நிறைகின்றன. இந்த மலைப்பகுதி 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது. ஆகவே சாலையை விட்டுக் காட்டுக்குள் நுழைவது குற்றம்.

2025-இல் ஒரு சிறு காணொளி கைபேசிகளில் பரவி, கூமாபட்டிக்குக் கார்களில் கூட்டம் திரண்டது உங்களுக்கு நினைவிருக்கும். வந்தவர்கள் பலர் ஏமாந்து திரும்பினார்கள். அவர்கள் தேடியது பொழுதுபோக்கு, அங்கிருப்பதோ வயல்வெளி.

இனிச் சிவகாசியிலிருந்து தெற்கே செல்லும் வெம்பக்கோட்டைச் சாலை. இதை அழகான பாதை என்று எழுத என் பேனா தயங்குகிறது. ஆனால் எழுதாமல் விடவும் மனமில்லை. ஒன்றுக்கொன்று ஒட்டாமல், இடைவெளி விட்டுக் கட்டப்பட்ட சிறு சிறு அறைகளும், அவற்றுக்கிடையே நிழல் தரும் வேப்ப மரங்களும் தெரிந்தால், அது பட்டாசு ஆலை. காலையில் தொழிலாளர்களை ஏற்றிவரும் வேன்கள் விரைந்து செல்லும் நேரத்தில் சைக்கிளில் செல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இந்தச் சாலை உறங்கும். ஆலைகளின் அருகில் நின்று தீக்குச்சி உரசும் பழக்கமுள்ளவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள்.

2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னும் விபத்துகள் ஓயவில்லை. மாலையில் வேலை முடிந்து திரும்பும் பெண்களின் விரல்களிலும் முன்கையிலும் அலுமினியத் தூள் வெள்ளியாய் மின்னும். காரில் சென்றால் கண்ணாடிக்கு அப்பால் அது தெரியாது. சைக்கிளில் செல்பவனுக்கு அவர்கள் 'எந்த ஊருங்க?' என்று கேட்கும் தொலைவில்தான் இருக்கிறார்கள்.

சாலையின் முடிவில் வைப்பாற்றின் குறுக்கே வெம்பக்கோட்டை அணை. அருகே விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் பொருட்கள் ஏராளமாகக் கிடைத்தன. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த ஆற்றங்கரையில் கைத்தொழில் செழித்திருக்கிறது. தண்ணீர் வற்றிய அணையின் கரையில் நின்று இதை எண்ணிப் பார்ப்பது ஒரு தனி அனுபவம்.

நெதர்லாந்தில் மனிதர்களைக் காட்டிலும் சைக்கிள்கள் அதிகம். கால்வாய்க் கரைதோறும் அவற்றுக்கென்றே பாதை போட்டிருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். கண்மாய்க் கரையில் மண் கொட்டிச் சமன்செய்து, கருவேல முள்ளை அகற்றினாலே போதும். முள் என்றவுடன் ஒன்று சொல்ல வேண்டும்: கருவேல முள் நம் டயர்களின் முதல் எதிரி. பஞ்சர் ஒட்டும் பசையும் கைப்பம்பும் இல்லாமல் புறப்படாதீர்கள். நான் ஒருமுறை ஏழு கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு வந்து கற்ற பாடம் இது. கூடவே தண்ணீர், ஒரு கைப்பிடி பேரீச்சம்பழம். சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றில் நெடுந்தூரம் மிதிக்கக் கூடாது. சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: இவ்வளவு தூரம் போகிறோமே, தொழுகையைச் சுருக்கிக்கொள்ளலாமா? காலையில் புறப்பட்டு நாற்பது கிலோமீட்டர் சுற்றி வருபவருக்கு அந்தச் சலுகை இல்லை. லுஹர் நான்கு ரக்அத்துதான்!

சென்ற தை மாதம் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். நான் புறப்படுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். 'நீயும் வருகிறாயா?' என்றேன். தெருமுனைக் கடையில் எனக்கொரு பழைய ஹெர்குலிஸ் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அவளுடையதை அவளிடம் கொடுத்தேன். ஆனைக்குட்டம் போகும் வழியில் அவள் என்னை முந்திச் சென்று, ஒரு பாலத்தின் மேல் இறங்கி நின்றாள். கீழே அர்ச்சுனா நதியில் கணுக்கால் அளவு நீர் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சிரைக்க நான் சென்று சேர்ந்தபோது, 'அத்தா, சாவியை எங்கே வைத்திருந்தீர்கள் என்று எனக்கு அப்போதே தெரியும்' என்றாள்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. 'பின் ஏன் எடுக்கவில்லை?' என்று கேட்டேன்.

'நீங்களே தருவீர்கள் என்று இருந்தேன்' என்று சொல்லிவிட்டு மீண்டும் ஏறிக்கொண்டாள்.

அடுத்த விடுமுறையில், இன்ஷா அல்லாஹ், இருக்கன்குடி வரை செல்வதாகப் பேசியிருக்கிறோம். அங்குள்ள கோவிலில் செவ்வாய், வெள்ளி, ஞாயிறுகளில் கூட்டம் நெரியும் என்பதால் ஒரு புதன்கிழமையைத் தேர்ந்திருக்கிறோம். ஆறுகள் இரண்டும் கூடும் இடத்தைத் தண்ணீரோடு பார்க்க வேண்டுமென்பது அவள் ஆசை. மழை எப்படி இருக்கிறது என்று விடுதியிலிருந்து வாரந்தோறும் கேட்கிறாள்.