கலஹாவில் சூரியன் எப்போது மறைகிறது?

நோன்பு காலத்துப் பின்னேரம் ஒன்றில் கலஹா கடைவீதியில் நின்றிருந்தேன். ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. தேயிலைச் சரிவுகளில் இருள் கட்டத் தொடங்கியது. நோன்பு திறக்கவோ இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

"மலை மறைச்சா அது மஃரிப் இல்ல" என்றார் கூட வந்த நண்பர். பள்ளிவாசலின் நேரப் பலகைக்காகத் தொழுகை நேரங்களைக் கணிக்கும் மென்பொருள் ஒன்றை எழுதிக்கொண்டிருப்பவர். அவரிடம் கேட்டு விளங்கிக்கொண்டதைத்தான் இங்கு எழுதுகிறேன்.

ஐவேளைத் தொழுகையும் சூரியனோடு கட்டப்பட்டது. உச்சி சாய்ந்ததும் லுஹர். ஆனால் உச்சி 12 மணிக்கு வருவதில்லை. இலங்கையின் கடிகாரம் கிழக்கு நெடுங்கோடு 82.5 பாகையை வைத்து ஓடுகிறது; அந்தக் கோடு தீவுக்குக் கிழக்கே கடலில் கிடக்கிறது. பாகைக்கு 4 நிமிடக் கணக்கில் கலஹாவில் உச்சி சராசரியாக 7 நிமிடம் பிந்தும். பூமியின் சுற்றுப்பாதை சரியான வட்டமல்ல, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் நவம்பர் தொடக்கத்தில் 11.51க்கே உச்சி வந்துவிடும், பெப்ரவரி நடுவில் 12.21 ஆகும். கொழும்பு நேரத்தை அப்படியே எடுத்தால் 3 நிமிடம் பிசகும். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா நாட்டை வலயங்களாகப் பிரித்து நேர அட்டவணை வெளியிடுவது இதனால்தான்.

இதுவரை வெறும் கணிதம். சிக்கல் சுபஹில் தொடங்குகிறது. கிழக்கு வெளுப்பது சூரியன் அடிவானத்துக்கு எத்தனை பாகை கீழே இருக்கும்போது? உலக முஸ்லிம் லீக் 18 என்கிறது. எகிப்து 19.5. வட அமெரிக்காவில் பலர் 15ஐ எடுக்கிறார்கள். நம் அகலாங்கில் 3 பாகை என்றால் 12, 13 நிமிடம். ஸஹர் உணவை முடிக்கும் ஒருவருக்கு அது சின்ன விடயமல்ல. அஸரிலும் இப்படித்தான்: நிழல் ஒரு மடங்கு கூடும்போது என்பது ஷாபி மத்ஹபு, இரு மடங்கு என்பது ஹனபி. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். இலங்கையில் பெரும்பாலோர் ஷாபிகள். வெளிநாட்டுச் செயலியைத் தரவிறக்கி, தெரிவுகளைப் பார்க்காமலே விடுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

உயரமும் கணக்கில் வரும். 1000 மீற்றர் முகட்டில், அடிவானம் திறந்திருந்தால், சூரியன் ஏறத்தாழ 4 நிமிடம் பிந்தி மறையும். 2011இல் டுபாயின் புர்ஜ் கலீபாவில் 80ஆம் மாடிக்கு மேல் வசிப்போர் 2 நிமிடமும், 150க்கு மேல் இருப்போர் 3 நிமிடமும் பொறுத்து நோன்பு திறக்கும்படி சொல்லப்பட்டது. கலஹாவில் பள்ளத்து வீட்டுக்கும் மேல் தோட்டத்து லயத்துக்கும் ஒரே பாங்குதான். நண்பர் பாதுகாப்புக்காக ஓரிரு நிமிடம் கூட்டி வைத்திருக்கிறார். எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது.

சூரியனைவிட அரசாங்கம்தான் தன்னை அதிகம் படுத்தியது என்றார் அவர். 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டால் நாட்டின் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. வன்னியில் வளர்ந்த எனக்கு அவர் சொல்லத் தேவையில்லை. புலிகளின் பகுதியில் கடிகாரம் மாறவேயில்லை. ஓமந்தையைத் தாண்டினால் அரை மணித்தியாலத்தைத் திருப்ப வேண்டும்.

உலகின் கணினிகளும் கைத்தொலைபேசிகளும் நம்பியிருக்கும் நேரவலயத் தரவுத்தளத்தில் இலங்கைக்கு இருப்பது 'ஆசியா/கொழும்பு' என்ற ஒரே பதிவு. அதைப் பராமரித்தவர் 2006இல் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருப்போர் கொல்கத்தா நேரத்தைப் பயன்படுத்தலாம் என்று.

சோதனைக்காக 1999 ஜனவரி முதலாம் திகதியைக் கொடுத்துப் பார்த்தோம். அதுவும் நோன்பு மாதம். கிளிநொச்சியில் மஃரிப், கொழும்புக் கடிகாரப்படி ஆறரையை ஒட்டி. கொல்கத்தாவை மாற்றினால் ஆறு மணி.

"அப்ப உங்கட பக்கத்துல எத்தன மணிக்குப் பாங்கு சொன்னாங்க?" என்று கேட்டார் நண்பர்.

1990 ஒக்டோபரிலேயே வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றிவிட்டிருந்தார்கள். நான் வன்னியில் பாங்கு கேட்டதில்லை. அதைத்தான் சொன்னேன்.