ஓடா, தகரமா?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நேயர்கள் பழைய கூரையைப் பிரிக்கும்போது, ஓடு வேய்வதா, தகரம் போடுவதா என்று தயங்குவதுண்டு. தகரம் இலேசானது, வேலையும் விரைவில் முடியும். ஆயினும், கடலின் உப்புக்காற்றால் ஆணித் துளைகள் முதலில் துருவேறும். கச்சான் காலத்து வெப்பமும் வீட்டினுள் இறங்கும். ஓடோ துருவறியாதது, குளிர்ச்சியும் தருவது; உடைந்ததை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதன் பாரத்தைத் தாங்க உறுதியான கைமரங்கள் வேண்டும்.

1964 டிசம்பரில் நம்மைத் தாக்கிய சூறாவளியையும், 2020 டிசம்பரில் வந்த புரெவியையும் மறத்தலாகாது. புயற்காற்று கூரையை மேல்நோக்கி இழுத்தே பெயர்க்கும். ஆகவே, எதைத் தேர்ந்தாலும் கைமரங்களைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணியுங்கள். மரங்கள் உறுதியாக இருப்பின் ஓடே நன்று. விளிம்பு ஓடுகளையும் முகட்டு ஓடுகளையும் இறுகப் பொருத்துங்கள். தகரமெனில், அலுமினியமும் நாகமும் பூசிய தகட்டை வாங்கி, இறப்பர் வளையமிட்ட திருகாணிகளால் முடுக்குங்கள். கூரையைக் காப்பது பிணைப்பே.