கடன் வசூல் என்று வரும் போலித் தொலைபேசி: விவசாயிகள் கவனத்திற்கு

காவிரி டெல்டாவில் தை, மாசி மாதங்கள் சம்பா அறுவடைக் காலம். நேரடி கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான தொகை வங்கிக் கணக்கில் சேரும். பயிர்க்கடனையும் நகைக்கடனையும் கட்டிவிடலாம் என்று விவசாயிகள் எண்ணியிருப்பர். இத்தகைய நேரத்தில் கைபேசியில் ஒரு குரல், "உங்கள் கடன் பாக்கி நிற்கிறது. மாலைக்குள் கட்டாவிட்டால் நிலம் ஜப்தி, போலீஸ் வரும்" என்று மிரட்டினால் யாருக்கும் கலக்கம் ஏற்படும். பயந்து பணம் அனுப்பியவர், அது தம் கடனில் வரவாகவில்லை என்பதைச் சங்கத்திற்குப் போன பிறகே அறிவார். பணமும் போயிற்று, கடனும் அப்படியே நிற்கும்.

ஏமாறக் காரணம்

கடன் வாங்கியது உண்மை என்பதால், அழைப்பும் உண்மையாக இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். அழைப்பவர் பெயர், ஊர், கடன் தொகை ஆகியவற்றைச் சரியாகச் சொன்னால் நம்பிக்கை மேலும் வலுக்கிறது. ஆனால் ஆதார் நகல்கள், கைபேசியில் இறக்கிய கடன் செயலிகள் போன்றவற்றின் வழியாக இவ்விவரங்கள் பிறர் கைக்குப் போகக்கூடும். விவரம் தெரிந்தவர் எல்லாம் வசூல் அதிகாரி ஆகிவிட மாட்டார்.

அறிகுறிகள்

1. சில மணி நேரமே கெடு கொடுத்து, இணைப்பைத் துண்டிக்க விடாமல் பேசுவது.
2. வீட்டாரிடமோ சங்கத்திலோ சொல்லக் கூடாது என்பது.
3. தனிநபர் கணக்கிற்கோ கைபேசி எண்ணுக்கோ பணம் அனுப்பச் சொல்வது.
4. ஓ.டி.பி., ஏ.டி.எம். ரகசிய எண், யு.பி.ஐ. ரகசிய எண் ஆகியவற்றைக் கேட்பது. ஏதேனும் ஒரு செயலியை இறக்கச் சொல்வது.
5. "இன்று பாதி கட்டினால் மீதி தள்ளுபடி" என்று ஆசை காட்டுவது.

இவற்றில் ஒன்று தென்பட்டாலும் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. 16.43 லட்சம் விவசாயிகளுக்கான அந்தத் தள்ளுபடி அரசாணை வழியாகவே வந்தது; தொலைபேசியில் கட்டணம் கேட்டு வரவில்லை என்பதை நினைவிற்கொள்க.

முறையான வசூல்

கடன் தவணை தவறியது என்ற ஒரே காரணத்திற்காகப் போலீசார் கைது செய்வதில்லை. நிலத்தின் மீதான நடவடிக்கைக்கு முன் எழுத்து மூலமான அறிவிப்பு, விசாரணை, உத்தரவு என்ற வரிசை உண்டு. நகையை ஏலம் விடுவதற்கு முன்பும் அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். வீடியோவில் சீருடை காட்டிச் செய்யும் 'டிஜிட்டல் கைது' சட்டத்திலேயே இல்லை. நிலுவைக் கடனுக்காக வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது.

செய்ய வேண்டியவை

அழைத்தவரின் பெயர், கிளை, கடன் எண் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டு இணைப்பைத் துண்டிக்கவும். அவர் கொடுக்கும் எண்ணில் திரும்ப அழைக்க வேண்டாம். பாஸ் புத்தகத்துடன் சங்கத்திற்கோ வங்கிக் கிளைக்கோ நேரில் சென்று நிலுவையைக் கேட்டறியவும். பாக்கி இருந்தால் அங்கேயே கட்டி ரசீது பெறவும். கூட்டுறவுப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் திருப்பினால் வட்டி இல்லை. போலி ஆளுக்குப் பணத்தைக் கொடுத்துக் கெடுவைத் தவறவிட்டால் இச்சலுகையும் கைநழுவும். மகசூல் பாதித்துக் கட்ட இயலாதவர்கள், தவணை மாற்றம் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம்.

வாங்காத கடனைச் சொல்லி மிரட்டினால், சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களிடம் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும் அறிக்கையைப் பெற்று, தம் பெயரில் உள்ள கடன்களைச் சரிபார்க்கலாம். படித்த பிள்ளைகளின் உதவியை நாடலாம்.

பணம் போய்விட்டால்

உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். வங்கிக்கும் தெரிவித்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். மோசடிக்காரர்கள் பணத்தைச் சிறிது நேரத்திலேயே பல கணக்குகளுக்கு மாற்றிவிடுவதால், முன்கூட்டிச் சொன்னால்தான் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. அழைப்பு வந்த எண், பணம் போன நேரம், தொகை, குறுஞ்செய்தி ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்கவும்.

கடன்பட்டது வெளியே தெரியுமே என்ற கூச்சத்தால் பலர் வாய் திறப்பதில்லை. மோசடிக்காரர்கள் நம்பியிருப்பது இந்தக் கூச்சத்தைத்தான். பயிர்க்கடன் வாங்குவது இழுக்கல்ல. அது சாகுபடியின் ஒரு பகுதியே. ஆகவே மிரட்டல் அழைப்பு வந்தால், பணம் அனுப்பும் முன் வீட்டில் ஒருவரிடமும் சங்கச் செயலாளரிடமும் சொல்லிவிடுவது நல்லது.