பீரோவில் கிடக்கும் டிஜிட்டல் கேமராவை காயலான் கடையில் போடாதீங்க!

வல்லம்:
வெளிநாடு போய் வந்த மாமா கொடுத்தது, கல்யாணத்துக்கு சீர் வந்தது, சீட்டு பணத்தில் வாங்கியது என்று ஒரு காலத்தில் வீடுகளில் பெருமையாக இருந்தது சின்ன டிஜிட்டல் கேமரா. செல்போன் வந்த பிறகு அது பீரோவில் துணிக்கு அடியில் போய்விட்டது. இப்போது அதே பழைய கேமராவை இளவட்டங்கள் தேடிப்பிடித்து காசு கொடுத்து வாங்குகிறார்கள். செஞ்சி, வல்லம் சுற்றுவட்டாரத்தில் கேமராவை விற்பவர்களும் சரி, வாங்குபவர்களும் சரி, சில விஷயங்களை தெரிந்து கொண்டால் கைக்காசு வீணாகாது.

உலகம் முழுவதும் 2010-ம் ஆண்டில் சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்கு போயின. அதில் பெரும்பகுதி சட்டைப் பையில் அடங்கும் சின்ன கேமராதான். 2023-ல் எல்லா வகை கேமராவும் சேர்த்தே 80 லட்சத்தை தொடவில்லை. 1975-ல் முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கிய கோடாக் கம்பெனியே 2012-ல் கேமரா தயாரிப்பை கைவிட்டது.

மெகாபிக்சல் மாயை

ஒரு மெகாபிக்சல் என்றால் 10 லட்சம் புள்ளிகள். ஸ்டூடியோவில் போடும் 4-க்கு 6 இஞ்ச் போட்டோ பளிச்சென்று வர சுமார் 22 லட்சம் புள்ளிகள் போதும். அதாவது 3 மெகாபிக்சல் கேமராவே தாராளம். ‘12 மெகாபிக்சல் இருக்கு’ என்று சொல்லி கூடுதல் காசு கேட்டால் மயங்க வேண்டாம்.

படத்தின் தரம் வெளிச்சத்தை வாங்கும் சென்சார் கையில்தான் இருக்கிறது. பழைய சின்ன கேமராக்கள் பலவற்றில் இதன் அகலம் 6 மில்லி மீட்டர் அளவுதான். சுண்டு விரல் நகத்தை விட சின்னது. இன்றைய பல செல்போன்களில் இதைவிட பெரிய சென்சார் இருக்கிறது.

கோட்டையில் ஜெயிக்கும்

அப்புறம் பழைய கேமராவில் என்னதான் லாபம்? ஜூம் லென்ஸ்தான். உதாரணத்துக்கு, 2007-ல் வந்த கேனான் பவர்ஷாட் ஏ570 கேமராவில் 7.1 மெகாபிக்சலுடன் 4 மடங்கு ஆப்டிக்கல் ஜூம் உண்டு. கண்ணாடி நகர்ந்து தூரத்தில் உள்ளதை நிஜமாகவே கிட்டே கொண்டுவரும். தனி ஜூம் லென்ஸ் இல்லாத செல்போனில் விரலால் இழுப்பது, இருக்கிற படத்தை வெட்டி பெரிதாக்குவதுதான். இதற்கு பெயர் டிஜிட்டல் ஜூம். கேமரா பெட்டியில் ‘டிஜிட்டல் ஜூம்’ என்று பெரிய எண் போட்டிருந்தால் அதை கணக்கில் எடுக்க வேண்டாம்.

செஞ்சி கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக பாரம்பரிய சின்னங்கள் பட்டியலில் இடம் பிடித்தது. பட்டப்பகலில் அடிவாரத்தில் நின்று ராஜகிரி உச்சியில் உள்ள கட்டிடத்தை எடுக்க இந்த சின்ன கேமரா நன்றாகவே கைகொடுக்கும்.

அமாவாசையில் தோற்கும்

அதே கேமராவை மேல்மலையனூர் அங்காளம்மன் கோவில் அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்கு கொண்டு போனால் கதை வேறு. சின்ன கேமராவின் பிளாஷ் 10, 12 அடி தூரம்தான் எட்டும். கூட்டத்தில் பின்னால் நின்று பிளாஷ் அடித்தால் முன்னால் நிற்பவர் தலைதான் வெள்ளையாக விழும், அம்மன் தெரியாது. முழுசாக ஜூம் செய்தால் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் கால்வாசியாக குறைந்துவிடும். ஊஞ்சலும் ஆடுவதால் படம் கலங்கிப் போகும். இன்றைய செல்போன் பல படங்களை ஒரே நொடியில் எடுத்து ஒன்றாக சேர்ப்பதால் இருட்டில் அதுவே மேல்.

வாங்கும் முன்...

கையில் வாங்கி ஆன் செய்து, லென்ஸ் சத்தமில்லாமல் வெளியே வந்து உள்ளே போகிறதா என்று பாருங்க. பென்சில் பேட்டரி போடும் மாடல் நல்லது. எந்த கடையிலும் பேட்டரி கிடைக்கும். தனி பேட்டரி மாடல் என்றால் சார்ஜரையும் கேட்டு வாங்கணும். 2006-க்கு முன் வந்த பெரும்பாலான கேமராக்கள் 2 ஜி.பி.க்கு மேற்பட்ட எஸ்.டி. கார்டை ஏற்காது. பழைய சோனியில் மெமரி ஸ்டிக், ஒலிம்பஸ், பியூஜியில் எக்ஸ்.டி. கார்டு. இவை இன்று லேசில் கிடைக்காது.

விற்கும் முன்...

முக்கியமானது இதுதான். உள்ளே இருக்கும் கார்டை கழற்றி, ஸ்டூடியோவிலோ கம்ப்யூட்டர் சென்டரிலோ கொடுத்து படங்களை காப்பி எடுங்க. அதோடு விடாதீங்க. கார்டு இல்லாமல் கேமராவை ஒரு முறை ஆன் செய்து பாருங்க. பல மாடல்களில் உள் மெமரியிலும் சில படங்கள் தங்கியிருக்கும். ‘பார்மட் செய்யவா?’ என்று திரையில் கேட்டால் ‘வேண்டாம்’ என்றே அழுத்தணும். தவறுதலாக அழித்துவிட்டாலும், அதே கார்டில் புதுப்படம் எடுக்காமல் இருந்தால் மீட்க வாய்ப்பு உண்டு.

செத்துப்போன அப்பாவின் முகம், பிள்ளையின் முதல் பிறந்தநாள் என்று பிரிண்ட் போடாமலே விட்ட படங்கள் அந்த சின்ன கார்டில் இருக்கலாம். கேமராவுக்கு காயலான் கடையில் கிடைப்பது சில்லறை காசு. போட்டோ போனால் திரும்ப கிடைக்காது.