உயர்த்திய பிக்கப்: மாரிக்கு முன் சாப்டின் நீளத்தை அளந்து பாருங்கள்

ஊர் திரும்பிய குடும்பங்கள் பல, இரண்டு மூன்று வீட்டாராகச் சேர்ந்து பழைய ஃபோர்வீல் பிக்கப் ஒன்றையோ லான்ட் றோவர் ஒன்றையோ ஓட்டி வருகின்றன. கூரைத்தகடும் சீமெந்தும் ஏற்ற, நெல்லைச் சந்தைக்குக் கொண்டுபோக, இரவில் ஒரு கர்ப்பிணித் தாயை வைத்தியசாலையில் சேர்க்க என்று ஒரே வாகனம் ஒரு கிராமத்துக்கே உழைக்கிறது. ஏ9 வீதியில் ஓடுவதற்கு அதை உயர்த்தத் தேவையில்லை. ஆனால் உள்ளே பிரியும் மண் வீதிகளில், மாரி மழையில் சில்லுத் தடம் முழங்கால் அளவுக்குத் தாழ்ந்துவிடும். அப்போது வாகனத்தின் அடிப்பக்கம் சேற்றில் குந்திவிடுகிறது. அதனால்தான் வில்லுத்தகட்டில் ஒன்றிரண்டைக் கூட்டியோ நீளமான சக்கிள் மாட்டியோ இரண்டு மூன்று அங்குலம் உயர்த்துகிறார்கள். உயர்த்துவது ஒரு நாள் வேலை. அதன்பின் சாப்டின் நீளத்தைப் பார்ப்பது அரை நாள் வேலை. பலர் இந்த அரை நாளைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஏன் நீளம் போதாமல் போகிறது?

எஞ்சினும் கியர் பெட்டியும் சசியோடு பூட்டப்பட்டவை. சில்லுகளைத் திருப்பும் டிபரன்சல் அக்சிலோடு கீழே இருக்கிறது. இரண்டையும் இணைத்துச் சுழலும் இரும்புக் குழாய்தான் புறொப்பெலர் சாப்ட். ஃபோர்வீல் வாகனத்தில் பின்னுக்கு ஒன்றும் முன்னுக்கு ஒன்றுமாக இரண்டு சாப்ட் உண்டு. சசியை உயர்த்தினால் கியர் பெட்டியும் அதோடு மேலே போகும். அக்சில் இருந்த உயரத்திலேயே நிற்கும். சுவரில் சாத்திய ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். கால் அதே இடத்தில் நிற்க, தலை மட்டும் இன்னும் மேலே எட்டவேண்டுமென்றால் ஏணி நீளவேண்டும்.

சாப்ட் ஓரளவு நீளக்கூடியதுதான். அதில் ஒரு துண்டு மற்றத் துண்டுக்குள் நெடுக்குப் பற்களால் கோர்த்து, முன்னும் பின்னும் சறுக்கும். கராஜில் இதைச் சிலிப் ஜொயின்ற் என்பார்கள். பள்ளம் திட்டியில் அக்சில் ஏறி இறங்குவதற்காக வைத்த இடைவெளி அது. வாகனத்தை உயர்த்தும்போது அந்த இடைவெளியில் ஒரு பகுதியை நிரந்தரமாகச் செலவழித்துவிடுகிறோம். மிச்சம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்குப் பாருங்கள். 40 அங்குல சாப்ட் ஒன்றின் இரு முனைகளுக்கும் உயர வித்தியாசம் 6 அங்குலம் என்று வைப்போம். வாகனத்தை 3 அங்குலம் உயர்த்தினால் சாப்ட் ஏறத்தாழ அரை அங்குலம் நீளவேண்டும். அதே உயர வித்தியாசத்தில் சாப்ட் 24 அங்குலம்தான் என்றால் நீளவேண்டியது கிட்டத்தட்ட ஒரு அங்குலம். சாப்ட் கட்டையாக இருந்தால் தொல்லை கூட. அதன் சரிவும் கூடுவதால் இரு முனையிலும் உள்ள குறோஸ் மூட்டுகள் விரைவில் தேயும். இந்தக் கணக்கு ஒரு மதிப்பீடு மட்டுமே. வில்லு தட்டையாகும்போது தானும் நீண்டு அக்சிலைச் சற்றுத் தள்ளும். ஆகவே அளவு நாடா சொல்வதையே நம்புங்கள்.

முன் சாப்டைக் குறிப்பாகக் கவனியுங்கள். முன் சில்லின் நடுவில் கையால் திருகிப் பூட்டும் ஹப் உள்ள பழைய வாகனங்களில், ஹப் திறந்திருந்து ஃபோர்வீல் போடாத நேரத்தில் முன் சாப்ட் சுற்றுவதில்லை. கோடை முழுவதும் ஒரு சத்தமும் கேட்காது. ஐப்பசியில் முதல் சேற்றில் ஃபோர்வீல் போடும்போதுதான் பிழை தெரியவரும். சாப்ட் கழன்றால் எங்கே கழலும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. முன்பக்கம் வில்லுத்தகடு இல்லாமல் முன் டிபரன்சல் சசியிலேயே பூட்டப்பட்டிருக்கும் பிக்கப்களில் முன் சாப்டின் நீளம் மாறாது. அவற்றில் டிபரன்சலிலிருந்து சில்லுக்குப் போகும் பக்கச் சாப்டுகளின் சரிவையும் அவற்றின் றப்பர் உறைகளையும் பாருங்கள்.

அளக்கும் முறை

மட்டமான, இறுகிய தரை வேண்டும். நான்கு சில்லுக்கும் இரு பக்கமும் கட்டை வையுங்கள். ஹான்ட் பிறேக்கை மட்டும் நம்பவேண்டாம். பழைய லான்ட் றோவரில் ஹான்ட் பிறேக் சில்லைப் பிடிப்பதில்லை, கியர் பெட்டிப் பக்கத்தில் சாப்டையே பிடிக்கிறது. பின் சாப்டைக் கழற்றிய நிமிடமே அந்தப் பிறேக் இல்லாமல் போகும். கியரில் விட்டு நிறுத்தினாலும் அதே நிலைதான். வாகனம் உருளும், கீழே படுத்திருப்பவர் நீங்கள்.

சிலிப் ஜொயின்றின் வெளித்தெரியும் பகுதியைத் துணியால் துடைத்து, உள்ளே நுழையும் இடத்தில் பெயின்ற் கோடு ஒன்று போடுங்கள். இது வாகனம் வெறுமையாக நிற்கும் நிலையின் அளவு. இதோடு நிறுத்திவிட்டு "சரியாகத்தான் இருக்கிறது" என்று எழும்புகிறவர்கள்தான் அதிகம். நிற்கும்போது சரியாக இருக்கும் சாப்ட், சில்லு தொங்கும்போது கழலலாம். குழிக்கு மேலால் போகும்போதும் வரம்பு ஏறி இறங்கும்போதும் அக்சில் தொங்கத்தான் செய்யும்.

எனவே அடுத்ததாகச் சசியை ஜக்கால் தூக்குங்கள். ஜக்கும் தாங்கு கட்டையும் சசிக்குக் கீழே இருக்கவேண்டும், அக்சிலுக்குக் கீழே அல்ல. சில்லுகள் முழுதாகத் தொங்கியபின் கோடு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். நடுவில் பெயரிங் வைத்த இரண்டு துண்டுச் சாப்ட் என்றால், அக்சிலோடு ஏறி இறங்கும் பின் துண்டையே அளக்கவேண்டும்.

தாங்கு கட்டையைப் பற்றி ஒரு சொல். வீட்டுத்திட்டத்தில் மிஞ்சிய சீமெந்துக் கல்லை வாகனத்தின் கீழ் வைக்கவேண்டாம். பாரத்தில் அது சொல்லாமல் நொறுங்கும். தடித்த பனங்குற்றி நல்லது. பழைய பங்கர்களில் கிடக்கும் ரயில் சிலிப்பர் கட்டைகள் இதற்கு மிகத் தோதானவை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவற்றைக் கிளறி எடுக்கப் போகவேண்டாம். அந்த மண்ணுக்குள் வேறு என்ன இருக்கிறது என்று கண்ணால் சொல்லமுடியாது. வெறும் ஜக்கில் நிற்கும் வாகனத்தின் கீழ் ஒருபோதும் போகாதீர்கள்.

மூன்றாவது அளவு, நீங்கள் வழமையாக ஏற்றும் பாரத்தை ஏற்றியபின் எடுப்பது. நெல் மூட்டையோ மணலோ எதுவானாலும் சரி. பாரத்தில் சாப்ட் உள்ளே தள்ளப்பட்டு முட்டினால் கியர் பெட்டியின் பெயரிங் அடிவாங்கும், ஒயில் சீல் ஒழுகும். நீளமாக்கிய சாப்டில் இதுவே வழமையான தவறு.

அளவு என்ன சொல்கிறது?

சில்லு முழுதாகத் தொங்கும்போது பற்கள் ஒன்றுக்குள் ஒன்று குறைந்தது ஒன்றரை, இரண்டு அங்குலமாவது கோர்த்திருக்கவேண்டும். பற்கள் உள்ள தண்டு மொத்தமாக இருந்தால் இன்னும் கூட வேண்டும். சாப்டைக் கழற்றி, உள்ளே எதுவரை பல் இருக்கிறது என்று பார்த்தால்தான் இது உறுதியாகும். பாரம் ஏற்றிய நிலையில் உள்ளே ஒரு அங்குலம் அளவு மிச்சம் இருப்பது நல்லது. கழற்றுமுன் இரண்டு துண்டுக்கும் நேராக ஒரு கோடு போட மறக்கவேண்டாம். இரு முனை முள்ளுகளும் ஒரே நேரில் நிற்கவேண்டும். ஒரு பல் மாறிக் கோர்த்தாலே வாகனம் அதிரும்.

நீளம் கொஞ்சம்தான் குறைகிறதென்றால் விளிம்புக்கும் டிபரன்சலுக்கும் இடையில் கடைந்து செய்த ஸ்பேசர் தட்டு ஒன்றை, அதற்கேற்ற நீளமான, கடினமான போல்ற்றுகளோடு பூட்டலாம். கூடக் குறைந்தால் குழாயை மாற்றி நீளமான சாப்ட் செய்யவேண்டும். லேத் உள்ள பட்டறையில், நேர் பார்த்து ஒட்டி, சமநிலையும் பார்த்துத் தரச் சொல்லுங்கள். பழைய குழாயை வெட்டி நடுவில் ஒரு துண்டு வைத்து வீதியோரத்தில் ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கவேண்டாம். அந்த ஒட்டு விட்டால், சுழலும் குழாய் பிறேக் குழாயையோ எண்ணெய்த் தாங்கியையோ அடித்து உடைக்கும். கையில் காசு இல்லையென்றால் கூட்டிய வில்லுத்தகட்டில் ஒன்றைக் கழற்றி, உயரத்தைக் குறைத்து ஓடலாம். எங்கள் கருத்தில் இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்த்த எந்த விவசாயக் குடும்பத்துக்கும் பெரிய தேவை இல்லை.

சசி தூக்கியிருக்கும் அதே நேரத்தில் அக்சிலுக்குப் போகும் றப்பர் பிறேக் குழாயையும் பாருங்கள். சில்லு தொங்கும்போது அது நாண்போல இறுகினால் அன்றைக்கே மாற்றவேண்டும்.

ஓடும்போது

புறப்படுகையில் அடியில் "டக்" என்று ஒரு அடி, வேகம் கூடும்போது தரையில் அதிர்வு, மூட்டைச் சுற்றிச் சிதறிய கிறீஸ், சிலிப் ஜொயின்றில் பழைய அழுக்குக் கோட்டுக்கு வெளியே பளபளக்கும் புதுப் பட்டை ஆகியவற்றில் எதைக் கண்டாலும் நிறுத்திப் பாருங்கள்.

சாப்ட் வழியில் கழன்றால் வாகனத்தை ஓடிய தடத்திலேயே விடுங்கள். மற்ற வாகனத்துக்கு வழிவிட வேண்டுமென்று பற்றைக்குள் தள்ளவேண்டாம். சிவப்பு மண்டையோட்டு அறிவித்தல் பலகையோ நாடாவோ உள்ள இடத்தில் மட்டுமல்ல, மிதிவெடி அகற்றப்பட்டதென்று உறுதியாகத் தெரியாத எந்த இடத்திலும் இது பொருந்தும். கழன்று விழுந்த போல்ற்றைத் தேடிப் புல்லுக்குள் இறங்கவும் வேண்டாம், பிள்ளைகளை அனுப்பவும் வேண்டாம். பின் சாப்ட் கழன்றிருந்தால் அதை முழுதாக எடுத்து ஏற்றிவிட்டு, முன் ஹப்பைப் பூட்டி ஃபோர்வீலில் முன் சில்லுகளால் மெதுவாக ஊருக்கு வரலாம். கியர் பெட்டியிலிருந்து ஒயில் ஒழுகினால் அப்படி ஓடாமல் கட்டி இழுத்து வாருங்கள். எடுத்த மூன்று அளவுகளையும் திகதியோடு வாகனப் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வைத்தால், அடுத்த முறை வேறு வீட்டார் ஓட்டும்போதும் மெக்கானிக்கிடம் காட்டலாம்.