பூனை வந்தது சரி, பை எங்கே?

தொலைக்காட்சி விவாதம் எதையாவது பத்து நிமிஷம் பாருங்கள். யாராவது ஒருவர் "பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது" என்று சொல்லிவிடுவார். எதிராளி மறைத்து வைத்திருந்த நோக்கம் அம்பலமாகிவிட்டது என்று அர்த்தம். எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் அந்தப் பூனை அதுவரை எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் அது ஒரு பைக்குள் இருந்தது: ‘லெட் தி கேட் அவுட் ஆஃப் தி பேக்’. தமிழுக்கு வருகிற வழியில் பை தொலைந்துபோய், பூனையும் குட்டியாகிவிட்டது.

அந்தப் பையைத் தேடிப் போனதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை. ரகசியத்தை உடைப்பது, விஷயத்தைக் கறப்பது, உண்மையை அமுக்குவது என்று தகவலைச் சுற்றி ஆங்கிலத்தில் ஏகப்பட்ட மரபுத்தொடர்கள் இருக்கின்றன. அவை பிறந்த கதை என்று நமக்குச் சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் புரளி. முதலில் இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். ஒரு தொடரிடம் வந்தபோது மட்டும் சிரிப்பு நின்றுபோனது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பூனை. 1760இல் ‘லண்டன் மேகசின்’ இதழில் வந்த ஒரு நூல் மதிப்புரையில் இந்தத் தொடர் வருகிறது. ஆசிரியர் பூனையைப் பையிலிருந்து அவிழ்த்து விட்டிருக்க வேண்டாம் என்று மதிப்புரைக்காரர் சிலேடையாக அலுத்துக்கொள்கிறார். சிலேடை எடுபட வேண்டுமென்றால் வாசகர்களுக்குத் தொடர் ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும். ஆகவே பேச்சில் அது இன்னும் பழையது.

பிறப்புக் கதைகள் இரண்டு. ஒன்று, ‘பூனை’ என்பது கப்பற்படையில் மாலுமிகளை அடிக்கும் ஒன்பது வால் சாட்டை; அதைப் பையில் வைத்திருப்பார்கள் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சாட்டை வெளியே வந்தால் முதுகு கிழியும், ரகசியம் எங்கே உடைகிறது? இன்னொன்று சந்தைக் கதை. பன்றிக்குட்டி என்று சொல்லிப் பூனையைப் பையில் கட்டி விற்பார்கள், வாங்கியவன் அவிழ்த்தால் குட்டு வெளிப்படும். கத்துகிற பூனையைப் பன்றிக்குட்டி என்று எவன் நம்புவான் என்று சிலர் மறுக்கிறார்கள். நியாயம்தான். ஆனாலும் நான் சந்தைப் பக்கம்தான் சாய்கிறேன். ஜெர்மன் மொழியில் பொருளைப் பார்க்காமல் வாங்குவதற்கு ‘பையில் பூனை வாங்குவது’ என்றும், ரகசியத்தை உடைப்பதற்கு ‘பூனையைப் பையிலிருந்து விடுவது’ என்றும் இரண்டுமே இருக்கின்றன. இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் போல இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது பீன்ஸ். இதில் என் மானமும் கொஞ்சம் போயிருக்கிறது. ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ‘ஸ்பில் தி பீன்ஸ்’ வரும்போதெல்லாம் ஒரு கதை விடுவேன். பழங்கால கிரேக்கத்தில் ஓட்டுப் போட வெள்ளை அவரை, கறுப்பு அவரை. ஜாடி தவறி உருண்டால் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும். அதனால்தான் அவரையைச் சிந்துவது என்றால் ரகசியத்தைக் கொட்டுவது. வகுப்பே வாயைப் பிளந்து கேட்கும். ஒருநாள் கடைசி வரிசையில் ஒரு பெண், "சார், அப்போ நடுவுல ரெண்டாயிரம் வருஷம் இதை யாரு சொல்லிட்டிருந்தாங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மணி அடித்தது, தப்பித்தேன்.

வீட்டுக்கு வந்து தேடினால், அந்தப் பெண் கேட்டதுதான் சரியான கேள்வி. ஏதென்ஸில் அதிகாரிகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்க அவரையைப் பயன்படுத்தினார்கள் என்பது நிஜம். ஆனால் இந்தத் தொடர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து அமெரிக்காவைச் சேர்ந்தது. அதுவும் முதலில் ‘காரியத்தைக் கெடுத்துவிடுவது’ என்ற பொருளில்தான் புழங்கியது. ஜெயிக்கும் என்று எதிர்பார்த்தது தோற்றுப்போனால், யாரோ அவரையைக் கொட்டிவிட்டார்கள். ரகசியத்தைச் சொல்லிவிட்டாலும் காரியம் கெடும் இல்லையா, அந்த வழியாகத்தான் இன்றைய பொருளுக்கு நகர்ந்தது. இடையில் கிரேக்கன் யாரும் இல்லை. நான் எத்தனை பேரிடம் அந்தக் கதையைச் சொன்னேன் என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

‘ஸ்ட்ரெய்ட் ஃப்ரம் தி ஹார்ஸஸ் மவுத்’ சுலபம். குதிரைப் பந்தயத்தில் எது ஜெயிக்கும் என்ற துப்பு லாயக்காரனிடமிருந்து வந்தால் ஒசத்தி, குதிரையே சொன்னால் அதற்கும் மேலே அல்லவா? குதிரையின் பல்லைப் பார்த்து வயது சொல்வதோடு இதை முடிச்சுப் போடுவார்கள். அது தேவையே இல்லை.

ஏமாற்றுகிற தொடர்களில் எனக்குப் பிடித்தது ‘ரெட் ஹெர்ரிங்’. அதாவது செங்கருவாடு. ஹெர்ரிங் என்ற மீனை உப்பில் ஊறவைத்துப் புகைபோட்டால் செம்பழுப்பாகிவிடும், நாற்றமும் ஊரைக் கூட்டும். வேட்டை நாய்களின் மோப்பத்தைத் திசைதிருப்ப இந்தக் கருவாட்டைத் தரையில் இழுப்பார்கள், அதனால் கவனத்தைத் திருப்பும் பொய்த் துப்புக்கு இந்தப் பெயர் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். இதை ஆராய்ந்தவர்கள் பழைய புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் வேட்டைக்காகக் குதிரைகளைப் பழக்குபவர்களுக்கான குறிப்பு ஒன்று கிடைத்தது. செத்த பூனையையோ நரியையோ, கிடைக்காவிட்டால் கருவாட்டையோ, மூன்று நான்கு மைல் இழுத்துக்கொண்டு போங்கள், நாய்கள் அதன் பின்னால் ஓடும், குதிரை நாய்களோடு ஓடப் பழகும் என்கிறது அது. அதாவது கருவாடு வழிகாட்டத்தான் பயன்பட்டது, வழி தவறச் செய்ய அல்ல.

பின்னே திசைதிருப்பும் கதை எங்கிருந்து வந்தது? வில்லியம் காபெட் என்ற ஆங்கில இதழாளர் 1807 பிப்ரவரி 14 அன்று தன் ‘பொலிட்டிகல் ரெஜிஸ்டர்’ வார இதழில், சின்ன வயதில் முயலைத் துரத்திய நாய்களைத் தான் கருவாட்டால் ஏமாற்றியதாக ஒரு கதை எழுதினார். நெப்போலியன் தோற்றுவிட்டான் என்ற பொய்ச் செய்தியை நம்பி, உள்நாட்டு விவகாரங்களை மறந்துபோன பத்திரிகைகளைக் குத்திக்காட்டத்தான் அந்தக் கதை. பெரும்பாலும் அவரே கட்டியது என்பது ஆய்வாளர்களின் முடிவு. பொய்ச் செய்தியைக் கண்டிக்கப் போய், இருநூறு வருஷம் ஓடக்கூடிய ஒரு பொய்ச் செய்தியை மனுஷன் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் செத்த பூனையும் வீணாகவில்லை. விவாதத்தில் தோற்கும்போது மேஜைமேல் செத்த பூனையைத் தூக்கிப் போடு, எல்லோரும் அதைப் பற்றியே பேசுவார்கள் என்ற உத்தியை 2013இல் போரிஸ் ஜான்சன் ஒரு பத்தியில் விவரித்தார். இதற்கும் கருவாட்டுக் குறிப்புக்கும் சம்பந்தமில்லை. அப்படி முடிச்சுப் போட்டால் நானும் ஒரு காபெட்தான்.

இனி, சிரிப்பு நின்ற இடம். ‘ஹியர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்’, திராட்சைக்கொடி வழியாகக் கேள்விப்பட்டேன். 1968இல் மார்வின் கே பாடி உலகம் முழுக்கப் பரவிய பாட்டு. தொடர் அதைவிட நூறு வருஷம் மூத்தது. 1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து சுமார் 40 மைல் தள்ளியிருக்கும் பால்டிமோருக்கு மோர்ஸ் தந்தி அனுப்பினார். நேராக இழுத்துக் கட்டிய கம்பி, நொடியில் செய்தி. அடுத்த சில வருஷங்களிலேயே ‘கிரேப்வைன் டெலிகிராஃப்’ என்ற கிண்டல் வந்துவிட்டது. கம்பி உள்ளவனுக்குத் தந்தி, இல்லாதவனுக்குக் கோணல்மாணலாகப் படர்கிற கொடி. 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபின் சிப்பாய்கள் முகாமில் உலவும் புரளிகளை இப்படித்தான் சொன்னார்கள்.

அதே போரை இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தவர் புக்கர் டி. வாஷிங்டன். வர்ஜீனியாவில் ஒரு பண்ணையில் அடிமையாகப் பிறந்தவர். போர் முடிந்து விடுதலை கிடைத்தபோது அவருக்கு ஒன்பது வயது இருக்கும். 1901இல் வந்த ‘அப் ஃப்ரம் ஸ்லேவரி’ என்ற தன்வரலாற்றில், அடிமைகள் போர்ச் செய்திகளைத் தெரிந்துகொண்ட விதத்துக்கு இதே ‘கிரேப்வைன் டெலிகிராஃப்’ என்ற பெயரைத்தான் சொல்கிறார்.

அது எப்படி வேலை செய்தது என்றும் எழுதியிருக்கிறார். தபால் ஆபீஸ் பண்ணையிலிருந்து மூன்று மைல். வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் தபால் வரும். எஜமானின் தபாலை வாங்கிவரப் போகும் அடிமை அங்கே கொஞ்சம் தாமதிப்பான். கடிதம் வாங்கிய வெள்ளைக்காரர்கள் கூடி நின்று போரைப் பற்றிப் பேசுவதைக் காதில் வாங்கிக்கொள்வான். திரும்பி வரும் வழியில் தன் ஆட்களிடம் சொல்லிவிட்டுத்தான் பெரிய வீட்டுக்குப் போவான். எஜமானின் கைக்குக் கடிதம் வந்து சேரும்போது, எந்தச் சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்பது பல சமயம் அடிமைகளின் குடிசைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

இதைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வைக்க வேண்டும். அடிமைக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதை வட கரோலினா 1830இலும் அலபாமா 1832இலும் சட்டம் போட்டுக் குற்றமாக்கியிருந்தன. எழுத்து போகிற பாதையை அடைத்தாயிற்று, தந்தி எட்டாது. மிச்சமிருந்தது காது, நினைவு, நடை. சிப்பாய்க்குக் ‘கொடி’ என்றால் புரளி. இவர்களுக்கு அது தங்கள் விடுதலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஒரே வழி. எஜமானுக்கு முந்திக்கொண்டு அது வேலை செய்திருக்கிறது.

ஆங்கிலம் தன்னிடம் வைத்துக்கொண்டது சிப்பாயின் பொருளைத்தான். நம் ஊர் பி.காம். மாணவர்களும் வணிகத் தொடர்பியல் பாடத்தில் ‘கிரேப்வைன்’ படிக்கிறார்கள்: முறைசாராத் தகவல்தொடர்பு, அதன் நன்மைகள், தீமைகள். தீமைகளில் முதலாவது வதந்தி. 1953இல் கீத் டேவிஸ் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ’வில் எழுதிய கட்டுரைதான் நிர்வாகவியலில் இந்தச் சொல்லுக்கு ஓர் இடம் தந்தது. கொடியை வெட்டி எறியப் பார்க்காதீர்கள், புரிந்துகொள்ளுங்கள் என்ற மாதிரி அவர் பேசினார். பாடப்புத்தகங்களில் அந்தப் பாதி சுருங்கிவிட்டது. தபால் ஆபீஸுக்கு நடந்துபோனவர் அவற்றில் எங்குமே இல்லை.

கடைசி வரிசைப் பெண்ணை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல வேண்டும்: பீன்ஸ் கதை தப்பும்மா, ஆனா திராட்சைக்கொடி கதை ஒண்ணு இருக்கு, உட்கார்.